அவர் சொல்ல நான் எழுதிய கடிதம்

என்னைப் பற்றி எழுதப்பட்ட கடிதங்களிலேயே மிகக் கேடான கடிதத்தை எழுதிய கை என்னுடையது. சொன்ன வாய் வேறொருவருடையது. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சொல்ல, எதிரே உட்கார்ந்து, மையைத் தொட்டுத் தொட்டு, அழகான எழுத்தில் நானே எழுதினேன். அன்றைக்கு அவர்மேல் வந்த கோபம் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ள நான் முயன்றதும் இல்லை.

ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் அப்போது நான் சின்னக் கிளாக்கர், இரண்டாம் குமாஸ்தா. ரயில் அந்தக் காலத்தில் பண்டாரவளையோடு நின்றுவிடும். நான் அதே தோட்டத்துக் கூலிகளின் லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாய் நிற்கும் அறைகளில் ஒன்றில், பிறந்தவன். அப்பா மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். அம்மா கொழுந்து எடுத்தாள். பாதிரியார் ஒருவருடைய தயவில் பதுளைப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்து, அவர் கொடுத்த நற்சாட்சிப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே தோட்டத்து ஆபீசுக்கு வந்து சேர்ந்தேன். லயத்துப் பிள்ளை ஆபீஸ் மேசைக்கு வந்தது அங்கே அதுவரை நடக்காத காரியம். லயத்து ஜனங்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். ஆபீஸ்காரர்கள் என்னைக் கண்ட பிறகுதான் பேச ஆரம்பித்தார்கள்.

பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் கிடையாது. வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையும் ஒரு நாளும் கசங்கியிருக்காது. அவருடைய இங்கிலீஷ் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் இங்கிலீஷைவிட நன்றாக இருக்கும் என்று துரையே சொல்லிச் சிரிப்பதுண்டு. முதல் நாள் என் பத்திரத்தை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "பாதிரியார் உமக்கு நல்ல பிள்ளை எண்டு எழுதியிருக்கிறார். எனக்கு நல்ல பிள்ளை தேவையில்லை. வேலை செய்யிற ஆள்தான் வேணும். அந்தக் கதிரையில இரும்," என்றார்.

அந்த நாற்காலியில் ஆறு வருஷம் இருந்தேன். என் எழுத்தில் ஒரு பிழை கண்டால் அவர் தாளைக் கிழிக்க மாட்டார். என்னையே கிழிக்கச் சொல்லுவார். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டக்டரும் கணக்கப்பிள்ளையும் நிற்கும்போது, "லயத்துப் பழக்கம் போகாது," என்று யாரையும் பாராமல் சொல்லுவார். நான் ஆபீசுக்குச் செருப்புப் போட்டு வந்த அன்று, வாசலிலேயே நிறுத்தி, கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னார். அவர் மட்டும் பளபளவென்று துடைத்த சப்பாத்துடன் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் வருஷத்தில், தபால் பையில் வரும் கடிதங்களை என்னையே சத்தமாக வாசிக்கச் சொன்னார். "உமக்குப் பழக்கமாகட்டும்," என்றார். பிறகு பதில்களையும் அவர் சொல்ல நான் எழுதினேன். நாலாம் வருஷத்தில் அவர் கையால் எழுதியது அவருடைய கையெழுத்து ஒன்றுதான். அதுவும் கோட்டுக்கு மேலேயோ கீழேயோதான் விழும். துரை வருவதைப் பூட்ஸ் சத்தத்தில் அறிந்து எழுந்து நிற்பார். மைக்கூட்டை நான் ஒரு சாண் தள்ளி வைத்தால் விரல்களால் மேசையைத் தடவித் தேடுவார். அவருடைய இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. அது ஆபீசில் எனக்கு மட்டும்தான் தெரியும். துரை காலையில் ஆள்களைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் பெரட்டு முடிந்ததும் வந்து, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குதிரை ஏறிப் போய்விடுவார். நான் எழுதுவேன், பெரிய கிளாக்கர் பெயர் வாங்குவார். வருஷக் கடைசியில் துரை அவருக்குக் கைகொடுப்பார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார், ஆட்டாமலும் போவார்.

அதனால் வேறு தோட்டங்களுக்கு விண்ணப்பம் எழுத ஆரம்பித்தேன். எந்தத் தோட்டத்தில் எந்த வேலை காலி என்பது பதுளைக் கடைத்தெருவில் தெரிந்துவிடும். அங்கே துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளி, கோட்டுத் துணி வாங்க வரும் கிளாக்கர்மாரிடமிருந்து எல்லாச் சேதியும் பிடித்து வைத்திருப்பார். பதில் எங்கள் ஆபீஸ் பையில் வந்தால் பெரிய கிளாக்கருக்குத் தெரிந்துவிடும் என்று அவருடைய கடை விலாசத்தையே கொடுத்தேன். "தம்பி, ஏன்ட கடைக்கு வாற கடுதாசியெல்லாம் உடுப்புக் கேட்டு வாறது. உங்கட ஒண்ணும் இன்னும் வரல்ல," என்று ஒவ்வொரு முறையும் கையை விரிப்பார்.

ஒன்று, இரண்டு, மூன்று விண்ணப்பங்கள் போயின. ஒன்றுக்கும் பதில் இல்லை. பெரிய கிளாக்கர் எப்படியோ தடுக்கிறார் என்றே நம்பினேன். நானே பதுளைத் தபால் கந்தோரில் போட்ட கடிதத்தை ஹாலிஎலை ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் எப்படித் தடுப்பார் என்று யோசிக்கும் நிதானம் எனக்கு இல்லை. வெறுப்பு இருந்தால் போதும், காரணம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

உண்மையில் அந்த விண்ணப்பங்கள் உதவாதவை. அன்றைய வழக்கப்படி எழுதினேன். முதல் பக்கம் முழுக்கக் கும்பிடு. தங்கள் பாதங்களை நாடி வரும் ஏழை, தங்கள் கருணையின் நிழலில் ஒதுங்க ஆசைப்படுபவன் என்று போகும். இரண்டாம் பக்கத்தில் அப்பா மரித்தது, அம்மாவின் இருமல், எனக்குப் பெண் கொடுத்தவர்களின் வறுமை. மூன்றாம் பக்கத்தில் பாதிரியார் என்னைப் பற்றிச் சொன்னவை. கடைசியில் அடியேன், தாழ்மையுள்ள ஊழியன் என்று இரண்டு வரி. எனக்கு என்ன வேலை தெரியும் என்பது எங்கும் இல்லை. எழுதி முடித்து வாசித்தபோது எனக்கே கண் கலங்கிற்று. அப்படிக் கலங்கியதால் நல்ல கடிதம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாவது விண்ணப்பம் அப்புத்தளைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குப் போனது. அங்கே பெரிய கிளாக்கர் வேலையே காலியாக இருந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு காலை தபால் பையை அவிழ்த்து, ஒவ்வொன்றாக உடைத்து வாசித்துக்கொண்டு வந்தேன். உரச் சிட்டை, ஆஸ்பத்திரிக் கடிதம், அதற்கடுத்தது அப்புத்தளைத் துரையுடையது. 'உங்கள் ஆபீசில் இரண்டாம் கிளாக்கராக இருக்கும் ஒருவர் என்னிடம் வேலை கேட்டு எழுதியிருக்கிறார். அவர் எப்படிப்பட்டவர், நம்பத் தகுந்தவரா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.'

முதல் வரியிலேயே அது என்னைப் பற்றியது என்று தெரிந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. நிறுத்தியிருந்தால் மீதியை யூகித்துவிடுவார். கடைசிவரை வாசித்தேன்.

பெரிய கிளாக்கர் கடிதத்துக்காகக் கையை நீட்டினார். வாங்கி மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, மறுநாள் காலை பெரட்டு முடிந்து துரை வந்ததும் அதை எடுத்து நீட்டினார். துரை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன்," என்று சொல்லிவிட்டு மலைக்குப் போனார். நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். துரை என் பக்கம் திரும்பவே இல்லை.

"தாள் எடும்," என்றார் பெரிய கிளாக்கர்.

எடுத்தேன்.

"எழுதும்."

"ஐயா, இது என்னைப் பத்தின கடுதாசிங்க."

"தெரியும். உம்மைப் பற்றினது எண்டபடியாத்தான் பிழையில்லாமல் எழுத வேணும்."

அவர் சொன்னார், நான் எழுதினேன். இந்த ஆள் ஆறு வருஷமாக இங்கே இருக்கிறான். எழுத்து நன்றாக இருக்கும். பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லிக் கொடுக்காமல் ஒரு காரியமும் அவனால் செய்ய முடியாது. தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அவனுடைய சொந்தக்காரர்கள் எல்லாரும் கூலிகள் என்பதால், வேலைக்கு வந்தவர் வராதவர் பெயர்களைப் பதியும் செக்ரோலை அவன் பொறுப்பில் விட நான் துணியவில்லை. நம்பத் தகுந்தவனா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் விட்டுவிட அனுமதியுங்கள்.

அந்தக் கடைசி வரியில் என் பேனா நின்றது.

"என்ன நிண்டுட்டீர்? மை காய்ஞ்சு போச்சோ?"

"நான் எப்பங்க நம்பிக்கை கெட்டு நடந்தேன்? ஒரே ஒரு நாள் சொல்லுங்க."

"நீர் களவெடுத்தனீர் எண்டு நான் சொல்லயில்லையே. விடை சொல்லாமல் விடுறன் எண்டுதானே சொல்லுறன். எழுதும்."

செக்ரோலை ஆறு வருஷமாக எழுதி வந்தது நான். அவரால் அதில் ஒரு பெயரைக்கூடத் தேடி எடுக்க முடியாது. என்னைப் போகவிட்டால், நான் போன மறுவாரமே அவருடைய கண் வெளியே தெரிந்துவிடும். என்மேல் உள்ள வெறுப்பைவிட அந்தப் பயம்தான் அவரை அப்படிச் சொல்ல வைத்தது என்று அந்த நிமிஷத்தில் விளங்கிற்று. விளங்கியதால் என் கோபம் குறையவில்லை. கூடிற்று.

வேறொன்றும் அப்போதே விளங்கிற்று. என் பேனாவின் நுனியில் என்ன விழுகிறது என்று அவருக்குத் தெரியாது. துரை வாசிக்காமல் கையெழுத்துப் போடுவார். நான் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம். 'இவரைப் போல ஒருவரை நான் கண்டதில்லை, விட மனமில்லாமல் விடுகிறேன்' என்று எழுதி, வாயால் அவர் சொன்னதையே வாசித்துக் காட்டலாம். இரண்டு பேரும் அறியப் போவதில்லை.

செய்யவில்லை. நேர்மை என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை, பயந்துவிட்டேன். கண்டக்டரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னால் என்ன செய்வது? துரையின் பெயரில் பொய்க் கடிதம் எழுதினால் பதுளை மறியலில் கம்பி எண்ண வேண்டியதுதான். அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதி முடித்தேன்.

"வாசியும்."

வாசித்தேன். கண்களை மூடிக்கொண்டு கேட்டார். "'துணியவில்லை' எண்ட இடத்தில இன்னும் கொஞ்சம் நிண்டு வாசிச்சிருக்கலாம்," என்றார். நகல் புத்தகத்தின் மெல்லிய தாளை ஈரத்துணியால் நனைத்து, கடிதத்தை அதற்குள் வைத்து, அச்சுத் திருகை இறுக்கினேன். என் கையெழுத்து அந்தத் தாளிலும் பதிந்தது. துரை மறுநாள் கையெழுத்துப் போட்டார், வாசிக்கவில்லை. தபால்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போவதை ஜன்னலருகே நின்று பார்த்தேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவளும் எங்கள் லயத்தில் பிறந்தவள்தான். எழுதப் படிக்கத் தெரியாது. கோபத்தை அடக்கத் தெரிந்தவள் என்று மற்றவர்கள் சொல்லுவார்கள். என்னிடம் அடக்கியதில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "அவரு சொன்னாரு, நீங்க எழுதுனீங்க. அப்பவே பேனாவத் தூக்கி வீசிட்டு வந்திருக்கலாமில்ல?" என்றாள்.

"வீசிட்டு வந்தா சோத்துக்கு?"

"அப்ப எங்கிட்ட எதுக்குக் கத்துறீங்க?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு அப்புத்தளைத் துரைக்கு இன்னொரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். வெளியே மழை. மூன்று மணி நேரத்தில் ஆறு பக்கம் எழுதினேன். பெரிய கிளாக்கர் ஆறு வருஷத்தில் செய்தது சொன்னது எல்லாம் அதில் இருந்தது. செருப்பைக் கழற்ற வைத்தது இருந்தது. என் பத்திரத்தைக் கவிழ்த்து வைத்தது இருந்தது. எழுத எழுத வயிறு குளிர்ந்தது.

மனைவி அரிசி களைந்துகொண்டே, "என்னதான் எழுதுறீங்க, தமிழ்ல சொல்லுங்க," என்றாள். ஒவ்வொரு பக்கமாகச் சொன்னேன். அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இந்தத் தொரைக்கு யாரு வேணுமாம்? நீங்களா, பெரிய கிளாக்கரா?"

"என்ன கேக்குற?"

"ஆறு பக்கமும் அவரப் பத்தித்தான் இருக்கு. ஒங்களப் பத்தி என்ன இருக்கு? நீங்க என்ன வேல செய்வீங்கன்னு அந்தத் தொரைக்கு எப்படித் தெரியும்? ஒரு பொம்பள வேல கேட்டு வந்து, பழைய கங்காணிய ஒரு மணி நேரம் திட்டுனா, புதுக் கங்காணி கூட எடுக்க மாட்டான்."

அவளை அடிக்கலாம் போல இருந்தது. அடிக்கவில்லை. ஆனால் கையில் கிடைத்த மரப்பலகையைச் சுவரில் எறிந்தேன். அவள் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

அரை மணி கழித்து ஆறு பக்கத்தையும் கிழித்து அடுப்பில் போட்டேன். புதுத் தாளில் ஒரே பக்கம் எழுதினேன். கும்பிடு இல்லை, அப்பாவின் சாவு இல்லை, பாதிரியார் இல்லை. இந்தத் தோட்டத்தில் மூன்று பிரிவின் செக்ரோலையும் நான் எழுதுகிறேன். கொழுந்து நிறுவையைப் பதிகிறேன். ஸ்டோரிலிருந்து போகும் தேயிலைப் பெட்டிகளுக்கு இலக்கம் போட்டுப் பதிகிறேன். மாத அறிக்கையை இரண்டாம் தேதிக்குள் முடிக்கிறேன். இங்கிலீஷும் தமிழும் எழுதுவேன், சிங்களம் பேசுவேன். இவ்வளவுதான் வேலை பற்றி.

அதற்குக் கீழே இப்படி எழுதினேன். 'என்னைப் பற்றித் தாங்கள் கேட்டதற்கு வந்த பதில் என் கையெழுத்தில் இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு வைத்துப் பார்த்தால் தெரியும். எனக்கு விரோதமாகச் சொல்லப்பட்டதை ஒரு சொல்லும் மாற்றாமல் நானே எழுதினேன்.' அதன் பிறகு இன்னும் ஒரு வரி. 'சொன்னவருக்குக் கண் பார்வை இல்லை. நான் மாற்றியிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.'

மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும் அவள் தலையைத் தூக்கினாள்.

"அத வெட்டுங்க."

"ஏன்?"

"அவரு கண்ணு போனத ஊருக்குச் சொல்லணுமா? அது தெரிஞ்சா அவர யாரு வச்சிருப்பா? பொண்டாட்டி புள்ள இல்லாத மனுசன். எங்க போவாரு?"

"என்னைப் பத்தி அவரு சொன்னது மட்டும்?"

"அது அவரு செஞ்ச பாவம். இது நீங்க செய்யிறது. வெட்டுங்க."

"சரி, வெட்டுறேன்," என்றேன்.

தாளை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அந்த வரி இல்லாவிட்டால் மேலே உள்ள வரிக்கு அர்த்தமில்லை. கண் தெரிந்தவர் எதிரே இருக்கும்போது சொன்னதை மாற்றாமல் எழுதுவதில் என்ன பெருமை? பேனாவை எடுத்தேன், வைத்தேன். அப்படியே மடித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டு, "வெட்டியாச்சு," என்றேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அவரைப் போலவே அவளாலும் என் எழுத்தைச் சரிபார்க்க முடியாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பதுளைக்கு இறங்கித் தபாலில் சேர்த்தேன். அதற்கடுத்த வாரம் போனபோது துணிக்கடை முதலாளி தூரத்திலேயே ஒரு உறையை ஆட்டிக் காட்டினார். உள்ளே அப்புத்தளைத் துரை வா என்று ஒரு வரி எழுதியிருந்தார். நாளும் நேரமும் இருந்தன.

விடியுமுன் கிளம்பிப் பண்டாரவளை வரைக்கும் நடந்து, ரயிலேறி அப்புத்தளையில் இறங்கினேன். மூடுபனியில் பாதை தெரியவில்லை. வழி கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தபோது துரை பங்களா வராந்தாவில் பைப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. என் கையெழுத்தில் இருந்த மூன்று கடிதங்களையும் மேசையில் பரப்பி வைத்திருந்தார்.

விண்ணப்பத்தை ஒரு விரலால் தள்ளினார். "இதில் உன் தகப்பன் இருக்கிறான், தாய் இருக்கிறாள், ஒரு பாதிரி இருக்கிறார். நீ இல்லை. எழுத்து நன்றாக இருந்ததால் மட்டும்தான் விசாரித்து எழுதினேன்." நான் சொல்ல ஆரம்பித்ததைக் கையைக் காட்டி நிறுத்தினார். "இப்போது இங்கே உட்கார். நான் சொல்வதை எழுது."

எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மலையைப் பார்த்துச் சொன்னார். "இதை எழுதுகிறவன் கூலிக்குப் பிறந்தவன். இவனைப் பெரிய கிளாக்கராக வைத்தால் பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். முட்டாள்தனம் செய்வதில் எனக்கு ஆசை இல்லை. இப்படிக்கு." என் காது கொதித்தது. எழுதினேன். திரும்பி வந்து தாளை எடுத்து, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தார். ஒரு காற்புள்ளியைக் காட்டி, "இது நான் சொல்லாதது," என்றார். பிறகு சிரித்தார்.

"உன்னை எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்காதே. நீ ஆபத்தான ஆள். ஆனால் சொன்னதை எழுதுகிறாய். அடுத்த மாதம் முதல் தேதி வா." படியிறங்கும்போது பின்னாலிருந்து இன்னும் பலமாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது. "குருட்டுக் கிளாக்கர்! உன் துரையை வெள்ளிக்கிழமை கிளப்பில் பார்ப்பேன். அவனுக்கு இது தெரியுமா என்று கேட்க வேண்டும்."

அங்கேயே திரும்பி, வேண்டாம் என்று கேட்டிருக்கலாம். வாய் திறந்தால் கிடைத்த வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. பயம் மட்டும்தான் இருந்தது என்று சொன்னால் பொய். படியிறங்கிப் போனேன்.

திங்கட்கிழமை காலை எங்கள் துரை வழக்கத்துக்கு மாறாகக் குதிரையை லாயத்துக்கு அனுப்பிவிட்டு ஆபீசுக்குள் வந்தார். மேசைமேல் இருந்த கையெழுத்துத் தாள்களைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் பெரிய கிளாக்கரிடம் கொடுத்தார்.

"இதைக் கொஞ்சம் வாசி."

பெரிய கிளாக்கர் தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். "பதில் எழுதி வைக்கிறேன், சேர்," என்றார்.

"பதில் வேண்டாம். என்ன எழுதியிருக்கிறது என்று சொல்."

அவர் முகம் என் பக்கம் திரும்பியது. நாலைந்து வருஷமாகத் தாள் கைக்கு வந்ததும் திரும்பும் அதே திரும்பல். நான் எழுந்து போய், "கொடுங்கய்யா, நான் வாசிக்கிறேன்," என்று சொல்ல ஒரு மூச்சு நேரம் போதும். துரையும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மைக்கூட்டின் மூடியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைத் திருகி மூடி, திறந்து, மறுபடி மூடினேன்.

துரை தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பூட்ஸ் சத்தம் ஓயும்வரை பெரிய கிளாக்கர் நின்றார். பிறகு நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

"நீர்தானே?"

"ஆமாங்க."

"என்னெண்டு எழுதினீர்?"

"உள்ளதத்தான் எழுதினேன். களவெடுத்தீங்கன்னு எழுதல."

அவருடைய உதடு கோணிற்று. "ஆறு வருஷம் நான் கிழிக்க வைச்சுத் திருத்தின இங்கிலீசிலதானே எழுதியிருப்பீர்? ஒரு பிழையும் இருந்திராது," என்றார். சற்றுப் பொறுத்து, "வெளியில போம். உம்மட மூச்சுச் சத்தம் எனக்குக் கேக்கக் கூடாது," என்றார்.

அதற்குப் பிறகு அங்கே இருந்த நாள்கள் முழுவதும் அவர் என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை. கண்டக்டர்தான் அவருக்கு வாசித்துக் காட்டினார், தட்டித் தடவி, பிழை பிழையாக. மாதம் முடியுமுன்னே யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய அக்கா மகன் ஒருவர் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். நான் அப்போது ஸ்டோருக்குள் இருந்தேன். வெளியே வரவில்லை. வந்தால் அவர் பார்க்கப் போவதும் இல்லை.

மனைவிக்கு விஷயம் நான் சொல்லித் தெரியவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், ஒரு பெண் குடத்தை நகர்த்திக்கொண்டே, "ஒம் புருசன் ஒரு கடுதாசி எழுதி அந்தாளோட கண்ணப் புடுங்கிட்டாராமே," என்று கேட்டிருக்கிறாள். மற்றவர்கள் அவளுக்குப் பீலியை விடவில்லை. வெறும் குடத்தோடு திரும்பி வந்தாள்.

"வெட்டிட்டேன்னு சொன்னீங்களே?"

"அந்த வரி இல்லாம அந்தக் கடுதாசில ஒண்ணுமே இல்ல. அதாலதான் வேல கெடச்சுச்சு."

"அப்படின்னா அன்னிக்கே, வெட்ட மாட்டேன்னு சொல்லியிருக்கணும். எனக்குப் படிக்கத் தெரியாதுங்கிற தைரியத்துல சொன்ன பொய்தானே அது?"



மாதக் கடைசியில் சாமான்களைக் கட்டிக்கொண்டு பண்டாரவளைக்கு நடந்தோம். அவள் மூட்டையை என்னிடம் தரவில்லை. தலையில் வைத்துக்கொண்டு இருபது அடி முன்னாலேயே நடந்தாள். அப்புத்தளையில் எங்களுக்குக் கிடைத்த வீடு நன்றாக இருந்தது. இரண்டு அறை, கண்ணாடி ஜன்னல், வாசலில் ரோஜாச் செடி. லயத்து ஜனங்கள் என்னைப் பெரிய கிளாக்கர் ஐயா என்று கூப்பிட்டார்கள். அவளும் அப்படித்தான் கூப்பிட்டாள், சோறு வைக்கும்போதும், வெந்நீர் போடும்போதும். "பெரிய கிளாக்கர் ஐயா, சாப்பாடு ஆயிருச்சு." இரண்டு மாதம் வரை வேறு பேச்சு இல்லை. மூன்றாம் மாதம் ஒரு நாள், துரைக்காக எழுதிய கடிதம் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் வந்தேன். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கீழே வைக்கவில்லை.

"இதுல யாரு பேரு எழுதியிருக்கீங்க?" என்றாள்.

"யாரு பேரும் இல்ல. ஒரம் கேட்டு எழுதியிருக்கேன்."

"நீங்க சொல்றதத்தானே நான் நம்பணும்," என்றாள். தாளை மேசையில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.